மாலத்தீவுப் படிவத்துக்குக் கட்டணம் கிடையாது

"மாலத்தீவு போகிறவர்கள் இமுகா படிவத்துக்குப் பணம் கட்டியே ஆக வேண்டும், கட்டாவிட்டால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள்" என்று ஒரு லிங்க்குடன் வாட்ஸ்அப்பில் தகவல் சுற்றுகிறது. படிவம் கட்டாயம் என்பது சரி. பணம் என்பது தவறு.

இமுகா என்பது மாலத்தீவு குடிவரவுத் துறையின் பயணி விவரப் படிவம். முற்றிலும் இலவசம். விமானம் புறப்படுவதற்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டும். திரும்பி வரும்போதும் அதே மாதிரி ஒன்று உண்டு. சுற்றுலா விசாவும் அங்கே இறங்கியதும் இலவசமாகவே கிடைக்கிறது. திரும்பும் டிக்கெட்டும் தங்குமிட முன்பதிவும் கையில் இருக்கட்டும்.

பிரச்சினை என்னவென்றால், தேடினால் முதலில் வந்து நிற்பது அரசுத் தளம் போலவே இருக்கும் தனியார் தளங்கள்தான். பாஸ்போர்ட் எண், போட்டோ எல்லாம் வாங்கிக்கொண்டு கடைசிப் பக்கத்தில் கார்டு விவரம் கேட்பார்கள். கார்டு கேட்டாலே அது அரசுத் தளம் இல்லை. முகவரி 'டாட் ஜிஓவி டாட் எம்வி' என்று முடிகிறதா என்று பாருங்கள்.

அதே தகவலில் ட்யூட்டி ஃப்ரீ மது பாட்டில் கொண்டு போகலாம் என்றும் இருக்கிறது. கூடாது. சொகுசு விடுதிகளில் மது விற்கிறார்கள், ஆனால் பயணிகள் உள்ளே எடுத்துவரத் தடை. 2024 நவம்பரிலிருந்து வேப் எனப்படும் மின் சிகரெட்டைக் கொண்டுவரவும் தடைதான். சுங்கத் துறைத் தளத்தில் சரிபார்க்கலாம்.

அந்தத் தகவல் உங்களுக்கு வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியவருக்கும் சொல்லிவிடுங்கள்.