முழு அறிக்கையும் தமிழில் வரட்டும்

எல்லாச் சுற்றுச்சூழல் சட்டங்களையும் ஒன்றாக்கி, எல்லா அனுமதியும் ஒரே இடத்தில் கிடைக்கும் ஒற்றைச் சாளர முறையைக் கொண்டுவந்தால் திட்டங்களுக்கு ஆகும் தாமதம் தீரும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். சுற்றுச்சூழல் சட்டங்களை ஆராய மத்திய அரசு அமைத்த டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் குழு 2014-இல் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான். எனக்கு இதில் உடன்பாடில்லை.

முதலில் மாற வேண்டியது வேறு. ஒரு திட்டம் சுற்றுச்சூழலை எப்படிப் பாதிக்கும் என்று அனுமதிக்கு முன் பார்ப்பதுதான் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு. மத்திய அரசின் 2006 அறிவிக்கைப்படி நடக்கும் இந்த மதிப்பீட்டில், அறிக்கை எழுதும் ஆலோசகரைத் தேர்ந்தெடுப்பதும் அவருக்குப் பணம் கொடுப்பதும் திட்டத்தைக் கொண்டுவரும் நிறுவனமேதான். பணம் கொடுப்பவரின் திட்டம் வேண்டாம் என்று அவர் எப்படி எழுதுவார்? அந்தக் கட்டணத்தை ஒரு பொது நிதியில் கட்டச் சொல்லி, ஆலோசகரை அரசே குலுக்கல் முறையில் ஒதுக்கலாம்.

அப்புறம் மொழி. எங்கள் பக்கத்தில் ஒரு கல்குவாரிக்காக நடந்த கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். நூற்றுக்கணக்கான பக்க அறிக்கை ஆங்கிலத்தில். தமிழில் இருந்தது சில பக்கச் சுருக்கம் மட்டும். எங்கள் கிணறுகளைப் பற்றி அதில் ஒரே ஒரு வரி. ஐம்பது வருடமாக அந்தத் தண்ணீரில் விவசாயம் செய்த பெரியவர் எதை வைத்துக் கேள்வி கேட்பார்? விதிப்படி சுருக்கம் மட்டும் உள்ளூர் மொழியில் இருந்தால் போதுமாம். இது எனக்கு இன்னும் ஆறவில்லை.

2006 அறிவிக்கைக்குப் பதிலாக மத்திய அரசு கொண்டுவரப் பார்த்த 2020 வரைவு, மக்கள் கருத்துச் சொல்லும் அவகாசத்தை 30 நாளிலிருந்து 20 நாளாகக் குறைக்கப் பார்த்தது. அந்த வரைவையே பல மொழிகளில் வெளியிடச் சொல்ல டெல்லி உயர் நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. புதிய சட்டம் எழுதுபவர்கள் 30 நாளை 60 ஆக்கட்டும், முழு அறிக்கையையும் தமிழில் கொடுக்கட்டும். ஒற்றைச் சாளரத்தைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.