ஏற்காட்டு கேம்ப்பில் முதல் நாளே டைமிங் எதற்கு?

ஏப்ரல் பிறந்தாலே சேலத்தில் ரோலர் ஸ்கேட்டிங் பிள்ளைகளைப் பெற்றவர்களின் வாட்ஸ்அப் குரூப்களில் ஏற்காடு கேம்ப் பேச்சுதான். சீசனுக்கு முன்னால் நாலைந்து நாள் மேலே தங்கிப் பயிற்சி, கட்டணம் இவ்வளவு, காலையில் அடிவாரத்துக்கு வந்துவிடுங்கள் என்று மெசேஜ் வரும். கேம்ப் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. கட்டாயம் வேண்டும். ஆனால் அது நடக்கிற விதம் ரொம்ப நாளாக மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது, இந்த வருடம் பிள்ளைகள் கிளம்புவதற்கு முன்னாலேயே எழுதிவிடுகிறேன்.

போன வருடம் நடந்ததைச் சொல்கிறேன், எந்த கிளப் என்பது வேண்டாம். வளைவுகளில் பாதிப் பிள்ளைகள் வாந்தி எடுத்து முகம் வெளுத்துப்போய் இறங்குகிறார்கள், பையை அறையில் போட்ட கையோடு டைம் ட்ரையல், அதாவது ஒவ்வொருவரையும் ஓடவிட்டு எத்தனை செகண்ட் என்று கணக்கெடுப்பது. சாயங்காலம் ஆவதற்குள் முதல் இடம், இரண்டாம் இடம், கடைசி இடம் என்று பெயரோடு லிஸ்ட் குரூப்பில் வந்து விழுகிறது. என் மகள் பெயர் நடுவில் இருந்தது, ஆகவே இது என் பிள்ளைக்காகப் பேசுகிற பேச்சில்லை. கடைசியில் இருந்த பெண்ணுக்குப் பத்து வயதுதான் இருக்கும். இடது காலால் தள்ளும்போது அவளுக்குக் கணுக்கால் உள்பக்கமாகச் சாய்கிறது, ஓரமாக உட்கார்ந்திருந்த என் கண்ணுக்கே அது தெரிகிறது. ஷூ பொருந்தவில்லையோ, லேஸ் தளர்ந்திருக்கிறதோ, நிற்கிற நிலையே கோணலோ, ஒரு காலைப்பொழுது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம். கேம்ப் முடிகிற வரை அவளுக்குக் கிடைத்தது "வேகமா போ, இன்னும் வேகமா" என்கிற சத்தம் மட்டும்தான். தப்பான கணுக்காலோடு இன்னும் வேகமாகப் போனால் தப்புதான் நன்றாகப் பழகும்.

தேசியப் போட்டி வழக்கமாக டிசம்பர் வாக்கில்தான் வருகிறது. மே மாதம் ஒரு பத்து வயதுப் பிள்ளை எத்தனை செகண்டில் சுற்றினாள் என்று தெரிந்து யாருக்கு என்ன ஆகப்போகிறது?

என் அண்ணன் குடும்பம் ஆஸ்திரியாவில் இன்ஸ்ப்ரூக் பக்கம் இருக்கிறது. அண்ணன் மகனுக்கு 13 வயது, அங்கே ஊர் கிளப்பின் பனிச்சறுக்கு அணியில் இருக்கிறான். ஆல்பைன் ஸ்கீ பந்தயம் என்பார்கள், சரிவில் நட்டிருக்கும் சிவப்பு, நீலக் கம்பங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து யார் சீக்கிரம் இறங்குகிறார்கள் என்பதுதான் போட்டி. குளிர்காலப் பந்தயங்கள் தொடங்குவதற்கு முன்னால் அந்தப் பிள்ளைகளை ஹின்டர்டுக்ஸ் பனியாற்றுக்குக் கேம்ப் கூட்டிப்போகிறார்கள். 3,250 மீட்டர் உயரம் வரை லிஃப்ட் போகிற இடம், கோடையிலும் ஸ்கீ ஓடும். அங்கிருந்து வீடியோ காலில் வந்தவனிடம், முதல் நாள் எத்தனை செகண்ட் எடுத்தாய் என்று கேட்டேன். "அத்தை, கம்பமே இன்னும் நடலையே, அப்புறம் எங்க டைமிங் எடுக்கிறது" என்றான்.

அப்புறம் என்னதான் செய்கிறீர்கள் என்று துருவித் துருவிக் கேட்டேன். ஒரு ஸ்கீயைக் கழற்றி வைத்துவிட்டு ஒற்றைக் காலில் இறங்குவது. கையில் ஊன்றுகோல் இல்லாமல் இடுப்பில் கை வைத்துக்கொண்டு இறங்குவது. ஸ்கீயைக் குறுக்கே திருப்பி அப்படியே பக்கவாட்டில் சறுக்கி, கோச் சொன்ன இடத்தில் நிற்பது. திரும்பும்போது உடம்பின் கனம் வெளிப்பக்கக் காலில் இறங்குகிறதா, அது ஒன்றைத்தான் கோச் திரும்பத் திரும்பப் பார்க்கிறாராம். அது படிந்த பிறகு முழங்கால் உயரம்கூட இல்லாத குட்டைக் கம்பங்கள், அதற்கும் பிறகுதான் பந்தயத்தில் வைக்கிற முழுக் கம்பங்கள். விடியும் முன்பே எழுந்து முதல் லிஃப்டில் மேலே போய்விடுகிறார்கள், ஏனென்றால் காலையில் பனி இறுகிக் கெட்டியாக இருக்கும், வெயில் ஏறினால் இளகிப் பயிற்சிக்கு ஆகாது. மதியத்துக்குமேல் கீழே இறங்கிவிட்டால் பெட்டிமேல் பக்கவாட்டில் தாவுவது, ஒற்றைக் காலில் உட்கார்ந்து எழுவது, காலையில் எடுத்த வீடியோவை எல்லோரும் சேர்ந்து பார்ப்பது என்று பொழுது போய்விடுகிறது.

இது ஏதோ அவனுடைய ஊர் கிளப்பின் தனி வழக்கம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் ஸ்கீ வீராங்கனை மிக்கேலா ஷிஃப்ரின், 2025 பிப்ரவரியில் தன்னுடைய 100-வது உலகக் கோப்பைப் பந்தயத்தை வென்றவர், ஆண் பெண் யாருமே அதற்கு முன் தொடாத எண்ணிக்கை அது. சிறு வயதில் மற்ற பிள்ளைகள் ஊர் ஊராகப் பந்தயத்துக்குப் போய்க்கொண்டிருந்தபோது அவருடைய பெற்றோர் பந்தயங்களைக் குறைத்துப் பயிற்சியைக் கூட்டினார்கள். எளிய கணக்குதான். ஸ்லாலம் என்கிற, கம்பங்களை நெருக்கமாக நட்ட ஸ்கீ பந்தயத்துக்கு ஒரு நாள் முழுக்கப் போகும், அதில் சறுக்குவது இரண்டு தடவை, தடவைக்கு ஒரு நிமிடம் போல. அதே நாளைப் பயிற்சியில் செலவிட்டால் அதைவிடப் பல மடங்கு திருப்பங்கள் போட்டுப் பழகலாம். அந்தப் பிள்ளைதான் 18 வயதில், 2014 சோச்சி ஒலிம்பிக்கில், ஸ்லாலம் தங்கம் வாங்கியது.

நம் ஊரில் இது எடுபடாது என்கிறார்கள். ஏன் எடுபடாது? பனி வேறு சிமெண்ட் தளம் வேறு, சரி, ஆனால் ஒற்றைக் காலில் உடம்பைத் தாங்குவது இரண்டுக்கும் பொது. முழங்காலை மடக்கித் தாழ்ந்து நிற்பது பொது. நம்முடைய சென்னைப் பையன் ஆனந்த்குமார் வேல்குமார் 2025-ல் சீனாவில் 1000 மீட்டர் ஸ்கேட்டிங்கில் உலக சாம்பியன் ஆனாரே, அந்த ஓட்டத்தின் வீடியோவைச் சத்தத்தை நிறுத்திவிட்டு மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள், எவ்வளவு தாழ்ந்து போகிறார், தள்ளிய கால் எப்படி உடம்புக்கு அடியில் திரும்பி வருகிறது என்று. பிள்ளைகளுக்கு அதைத்தான் காட்ட வேண்டும்.

இன்னொன்று, கேம்ப் நோட்டீஸ்களில் "உயரமான இடத்தில் பயிற்சி, ஸ்டாமினா பெருகும்" என்று போடுகிறார்கள். ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர். மெல்லிய காற்றில் பயிற்சி செய்து ரத்தத்தில் சிவப்பணுக்கள் கூட வேண்டுமென்றால் பொதுவாக 2,000 மீட்டருக்கு மேலே, அதுவும் மூன்று நாலு வாரம் தங்க வேண்டும். சேர்வராயன் கோயில் இருக்கிற உச்சியே அந்த உயரம் கிடையாது. நாலு நாளில் ரத்தம் மாறாது, அதைச் சொல்லிக் காசு வாங்குவது நியாயமில்லை. ஏற்காட்டில் நமக்குக் கிடைப்பது வேறு. கீழே 40 டிகிரியில் ரிங்க் தரை கொதிக்கிறபோது மேலே பிள்ளைகள் காலை பத்து மணி வரைக்கும் சுருண்டு விழாமல் பயிற்சி செய்யலாம். கால் போன பக்கமெல்லாம் ஏற்றம். காபித் தோட்டத்துப் பாதைகளில் சில்வர் ஓக் நிழலில் ஏறி நடந்தாலே தொடை உரமேறும், ஏறும்போது ஓடலாம், இறங்கும்போது நடந்தால் போதும், இறக்கத்தில் ஓடினால் அடி முழுக்க முழங்காலுக்குப் போகிறது. (காட்டெருமை நடமாட்டம் இருக்கிறது, உள்ளூர்க்காரர் ஒருவர் கூட வராமல் விடியற்காலையில் பிள்ளைகளைத் தோட்டத்துக்குள் கூட்டிப்போகக் கூடாது.)

இப்போது சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியம். சென்ற கேம்ப்பின் கடைசி நாளில் பெரிய பிள்ளைகளை, பெரிய என்றால் பதினாலு பதினைந்து வயது, மலைப்பாதையில் ஸ்கேட் கட்டி இறக்கிவிட்டார்கள். கொஞ்ச தூரம்தான், முன்னால் ஒரு பைக் போயிற்று, பயப்படாதீர்கள் என்றார்கள். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கிற சாலை அது, எதிரே பஸ் வருகிறது, சுற்றுலாக் கார் வருகிறது, மழை பெய்தால் மண்ணும் சரளையும் ரோட்டில் வந்து கிடக்கும். ஸ்கீயைக் குறுக்கே திருப்பினால் விளிம்பு பனியைப் பிடித்து நிறுத்தும். ஸ்பீடு ஸ்கேட்டில் அப்படி எதுவும் இல்லை, நம் பிள்ளைகள் போடுவதில் பிரேக்கே கிடையாது, பின்காலைக் குறுக்கே தேய்த்து நிறுத்துவதெல்லாம் சமதளத்தில் சரி, செங்குத்து இறக்கத்தில் எடுபடாது.

ஸ்கீ பந்தயத்தில் பாதையை முழுக்க மூடி, ஆபத்தான இடமெல்லாம் வலை கட்டி, ஒருவர் பாதுகாப்பான தூரம் போன பிறகே அடுத்தவரை விடுவார்கள். அவ்வளவு இருந்தும் 2001 அக்டோபரில், சீசன் தொடங்கிய நேரத்தில், சூப்பர்-ஜி என்கிற வேகமான ஸ்கீ பந்தயத்தில் உலக சாம்பியனாக இருந்த பிரான்சின் ரெஜின் கவான்யூ, ஆஸ்திரியாவின் பிட்ஸ்டால் பனியாற்றில் பயிற்சியில் இறங்கிக்கொண்டிருந்தபோது பாதையில் குறுக்கே வந்த ஒரு கோச் மீது மோதி, இரண்டு நாளில் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். உலகத்திலேயே முதல் வரிசையில் இருந்த வீராங்கனை, பந்தயம்கூட இல்லை, வெறும் பயிற்சி. போக்குவரத்து ஓடுகிற மலைப்பாதையில் பதினாலு வயதுப் பிள்ளையை இறக்கிவிட்டு முன்னால் ஒரு பைக் போயிற்று என்று சொன்னால் நான் எப்படி ஒத்துக்கொள்வது? கீழ்நோக்கி ஓட்டுகிற டவுன்ஹில் போட்டி ஸ்கேட்டிங்கில் இருக்கிறது, தெரியும். அதைப் பழக்க வேண்டுமென்றால் போலீஸ் அனுமதி வாங்கிச் சாலையை மூடுங்கள், வளைவுகளில் வைக்கோல் கட்டு அடுக்குங்கள், ஆம்புலன்ஸ் நிறுத்துங்கள். முடியாதா, விட்டுவிடுங்கள்.

அண்ணன் மகனிடம் நான் பார்த்து அசந்துபோன விஷயம் ஒன்று. கேம்ப்பில் இரவுச் சாப்பாடு ஆனதும் ஸ்கீயை அவனே கவ்வியில் மாட்டி, விளிம்பை அரத்தால் ஒரே பக்கமாக இழுத்து இழுத்துக் கூர் பண்ணுகிறான். இஸ்திரிப் பெட்டி மாதிரி ஒன்றில் மெழுகை உருக்கி அடியில் தடவி, ஆறவிட்டு, பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டி எடுக்கிறான். நடுவில் நகத்தால் விளிம்பைச் சீவிப் பார்க்கிறான், நகம் மாவு போல உதிர்ந்தால் கூர் சரியாம். கோச் பக்கத்தில் நிற்கிறார், கை வைப்பதில்லை. இங்கே ஸ்கேட் சக்கரத்தின் பேரிங்கைக் கழற்றி மண்ணெண்ணெயில் அலசி, துடைத்து, எண்ணெய் விட்டு மாட்டுவது யார்? அப்பாக்கள். என் வீட்டிலும் அவர்தான் செய்கிறார். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இது தாராளமாக வரும், கேம்ப்பின் ஒரு சாயங்காலத்தை இதற்கு ஒதுக்கலாம்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. தயவுசெய்து நடுவில் காரில் மேலே வராதீர்கள். பிரியாணிப் பொட்டலம், எனர்ஜி டிரிங்க், போனில் வீடியோ, ஓரத்தில் நின்று கத்துவது, எல்லாம் அந்த நாலு நாளைக்கு வேண்டாம். பிள்ளைகள் ஒன்பது மணிக்குப் படுக்கட்டும்.

இந்த மே கேம்ப்புக்கு என் மகளை அனுப்புவதாகத்தான் இருக்கிறேன், கோச்சிடம் மூன்று விஷயம் எழுத்தில் கேட்டிருக்கிறேன். டைம் ட்ரையல் வேண்டுமென்றால் கடைசி நாள் வைத்துக்கொள்ளட்டும், லிஸ்ட் குரூப்புக்கு வரக் கூடாது. மலைப்பாதையில் சக்கரம் கட்டக் கூடாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் முதல் நாள் ஒரு வீடியோ, கடைசி நாள் ஒரு வீடியோ, எது மாறியது என்று பிள்ளைக்கே உட்கார்த்திவைத்துக் காட்ட வேண்டும். பதில் இன்னும் வரவில்லை. உங்கள் பிள்ளையும் போகிறதென்றால் நீங்களும் கேளுங்கள், இரண்டு பேர் கேட்பதற்கும் இருபது பேர் கேட்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. வீடியோ எடுத்துப் பிரித்து வைக்க ஆள் இல்லை என்று சொன்னால் அந்த வேலைக்கு நான் வருகிறேன்.