சிரிச்சாங்கன்னா வலிக்கலன்னு அர்த்தமா?

ஞாயித்துக்கிழமை கூட்டத்துல நடந்தது வந்தவங்க எல்லாருக்கும் தெரியும், திரும்ப முழுசா சொல்லல. ரெண்டாம் உலகப் போர் சமயத்துல, இன்னிக்கு செக் நாடா இருக்கற இடத்துல நாஜிகள் வச்சிருந்த தெரேசியன்ஷ்டாட் முகாம்ல யூதக் கைதிகள் நடத்துன காபரே பத்தி, அதாவது பாட்டும் நையாண்டியும் குட்டி நாடகமும் கலந்த மேடை நிகழ்ச்சி பத்திப் பேசிட்டிருந்தேன். ஒரு பெரியவர் எழுந்து "பாட்டு கூத்துன்னு இருந்திருக்காங்களே, அப்ப சொல்ற அளவுக்குக் கொடுமை இல்லதானே?"ன்னு கேட்டார். அவர் கேட்டதைக் கூட விடுங்க, பாதி ஹால் தலையாட்டுச்சு பாருங்க, அதுதான் ஆறல.

ஐயா, உங்களுக்கு அப்படித் தோணணும்னுதான் நாஜிகள் அவ்ளோ பாடுபட்டாங்க. 1944 ஜூன் 23, செஞ்சிலுவைச் சங்கக் குழு அந்த முகாமைப் பாக்க வந்த நாள். கூட்டம் நெருக்கமாத் தெரியக்கூடாதுன்னு மே மாசமே சுமார் 7,500 பேரை ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு ரயிலேத்திட்டாங்க. சுவத்துக்குப் பெயிண்ட், இசைக்குழு, குழந்தைகள் நடிச்ச ஓபரான்னு எல்லாம் தயார். அப்புறம் ஒரு பிரச்சாரப் படமும் எடுத்தாங்க. அதை இயக்க வச்சது யாரை? பெர்லின்ல பெரிய நடிகரா இருந்த கூர்ட் கெரோன், முகாமுக்குள்ள காபரே நடத்திட்டிருந்த அதே கைதியை. படப்பிடிப்பு முடிஞ்சதும் அக்டோபர் 28 கடைசி ரயில்ல அவரையும் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பிக் கொன்னாங்க. சிரிப்பைக் காட்டி "இங்க எல்லாரும் சுகம்"னு உலகத்தை நம்ப வச்ச பொய் அது, 80 வருஷம் கழிச்சு நம்ம கூட்டத்துல அதுக்குத் தலையாட்டறோம்.

அந்த மேடையில எதைப் பத்தி ஜோக் அடிச்சாங்கன்னாவது கேட்டிருக்கலாம். பிராக்லருந்து வந்த காரெல் ஷ்வென்க் போட்ட முதல் நிகழ்ச்சியே தொலைஞ்சுபோன சாப்பாட்டு அட்டையைப் பத்தினது. அங்க இருந்த இன்னொரு கைதி லியோ ஸ்ட்ராவுஸ் எழுதின பாட்டுல ஒரு ஊர் வரும், அங்க சூப்புல ஏதோ இருக்கற மாதிரி குடிப்பாங்க, தரையையே கட்டில் மாதிரி நினைச்சுப் படுப்பாங்க. பசியும் தரையும்தாங்க பாட்டே! ஷ்வென்க் இன்னொரு நாடகத்துல, பைத்தியக்கார ஆஸ்பத்திரியிலருந்து தப்பிச்சவங்க ஆட்சியைப் பிடிச்சு, எல்லாக் கேட்டுக்கும் சைக்கிள் ஓட்டறவங்கதான் காரணம்னு வேட்டையாடறாங்க, நாஜிகள் யூதர்களை வேட்டையாடின மாதிரியே. ஒத்திகையைப் பாத்த முகாமுக்குள்ள நிர்வாகம் பாத்த யூத மூப்பர் குழுவே பயந்துபோய் தடுத்துடுச்சு, முகாமை ஆண்ட நாஜிப் படையான எஸ்.எஸ். காதுக்குப் போனா என்ன ஆகும்னு. கொடுமை இல்லாத இடத்துல சைக்கிள் ஜோக்குக்கு யாராவது நடுங்குவாங்களா?

எங்க அப்பா டயாலிசிஸ்ல இருந்தப்ப அந்த வார்டே சிரிப்பா இருக்கும். ஊசி குத்த வர்ற சிஸ்டர்கிட்ட "அம்மா, இன்னிக்கு ஃபுல் டேங்க்கா, அஞ்சு லிட்டர் போதுமா"ம்பார், பக்கத்து பெட் ஆள் "எனக்குக் கடன்ல போடுங்க"ம்பார். பாக்க வந்த நெருங்கின சொந்தம் ஒருத்தர் "நல்லாத்தானே இருக்கார், நீங்கதான் ஓவரா அலட்டறீங்க"ன்னுட்டுப் போனார், அதுக்கப்புறம் வரவே இல்ல. ராத்திரி அப்பா கால் இழுத்துக்கிட்டு அழுததை அவர் பாக்கல. முகாமையும் ஆஸ்பத்திரியையும் ஒண்ணா வச்சுப் பேசறேன்னு கிளம்பிடாதீங்க, ரெண்டும் ஒண்ணு இல்ல, அது எனக்கும் தெரியும். சிரிக்கறவனைப் பாத்துட்டு கைகழுவிட்டுப் போறது மட்டும் ரெண்டு இடத்துலயும் ஒண்ணு.

"கைதிகளுக்கே அந்த மாதிரி நிகழ்ச்சி பிடிக்கலையாமே"ன்னு ஒருத்தர் இன்பாக்ஸ்ல. உண்மைதான். நெதர்லாந்து வெஸ்டர்போர்க் முகாம்ல செவ்வாய்க்கிழமை கைதிகளை ஏத்திக்கிட்டு ரயில் கிழக்கே கொலை முகாம்களுக்குப் போகும், அந்த முகாம்லயேதான் கைதியா இருந்த நடிகர் மாக்ஸ் எர்லிஷ் குழுவோட நிகழ்ச்சியும், முன் வரிசையில முகாம் தலைவன் கெமேக்கர். எப்படி சிரிக்க மனசு வருதுன்னு பல கைதிகள் கசந்துபோயிருக்காங்க. அவங்களுக்கு அந்த உரிமை இருக்கு, ரயிலுக்குக் காத்திருந்தவங்க அவங்க. ஏசி ஹால்ல உக்காந்து டீ குடிச்ச நமக்கு எங்கருந்து வந்துச்சு? மேடையில நடிச்சவங்களும், மேடையில இருக்கற வரைக்கும் ரயிலேத்தற லிஸ்ட்ல பேரு வராதுன்னு நம்பி நடிச்சவங்கதான். எர்லிஷையும் 1944ல ஆஷ்விட்ஸ்ல கொன்னாங்க.

இன்னொரு கோஷ்டி இருக்கு, "பாருங்க, நரகத்துலயும் சிரிச்சாங்க, நீங்க ஆபீஸ் டென்ஷனுக்குப் புலம்பறீங்க"ன்னு ஃபார்வர்ட் போடறவங்க. தயவுசெஞ்சு வேண்டாம். ஷ்வென்கோட முகாம் பாட்டு, ஒருநாள் இந்த கெட்டோ, அதாவது யூதர்களை அடைச்சு வச்ச இந்த இடத்தோட இடிபாடு மேல நின்னு சிரிப்போம்னு முடியும். அந்த நாளைப் பாக்க அவர் இல்ல, 1945ல விடுதலைக்குக் கொஞ்சம் முன்னாடி செத்துப்போனார். இதுல உங்களுக்கு என்ன தன்னம்பிக்கைப் பாடம் வேணும்?