குடலை அரிப்பதில்லை

காலரா கிருமி குழந்தையின் குடலை அரித்துவிடும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அப்படியல்ல. அது குடல் சுவரில் ஒட்டி நஞ்சைச் சுரக்கிறது. அந்த நஞ்சு செல்லுக்குள் புகுந்து, உப்பையும் நீரையும் ஓயாமல் வெளியேற்ற வைக்கிறது. அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி போவது அதனால்தான். 1959-இல் கல்கத்தாவில் சம்புநாத் டே, முயல் குடலின் ஒரு துண்டை இரு பக்கமும் கட்டி, காலரா கிருமி வளர்ந்த திரவத்தை, கிருமியை நீக்கிவிட்டு, அதனுள் செலுத்தினார். துண்டு நீர் கோத்து உப்பியது. இவரை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும் என்பது என் ஆதங்கம்.

சர்க்கரையோடு சேர்ந்து உப்பு உள்ளே போகும் வழியை இந்த நஞ்சு கெடுப்பதில்லை. உப்பும் சர்க்கரையும் நீரில் கலந்த ஓ.ஆர்.எஸ். கரைசல் வேலை செய்வது அந்த வழியில்தான். என் மகனுக்கு ஒன்றரை வயதில் கடும் வயிற்றுப்போக்கு. கண் குழிந்து, வயிற்றுத் தோலைக் கிள்ளினால் மடிப்பு மெதுவாகத்தான் மறைந்தது. டாக்டர் சொன்னபடி ராத்திரி முழுக்க ஸ்பூன் ஸ்பூனாக ஓ.ஆர்.எஸ். ஊட்டினோம். விடியற்காலையில் சிறுநீர் கழித்து என் மடியை நனைத்தான்; அப்போதுதான் எனக்கு அழுகையே வந்தது.