எட் ஷீரன் ட்ராக் போட்டுப் பாடவில்லை

காட்பாடி கல்லூரிப் போட்டியில் ட்ராக் போட்டுப் பாடலாமா என்ற பேச்சில், "எட் ஷீரனே ஆரம்பத்துல ரெக்கார்ட் பண்ண ட்ராக்கை ஓடவிட்டுத்தான் தனியாப் பாடினார்" என்று எழுதிய தம்பிக்கு: அது தப்பு. இங்கிலாந்துப் பாடகரான ஷீரனின் 'தி ஏ டீம்' பாட்டு 2011-இல் சிங்கிளாக வெளிவருவதற்கு முன்பிருந்தே அவர் மேடைக்குக் கொண்டுவந்தது ஒரு கிட்டாரும் ஒரு லூப் பெடலும்தான். லூப் பெடல் என்பது காலால் மிதித்தால் வாசிப்பதைப் பதிவு செய்து, அதையே திரும்பத் திரும்ப ஓடவிடும் கருவி. கூட்டம் பார்க்கப் பார்க்க அங்கேயே பதிவு செய்வார்.

முதல் மிதியில் பதிவு தொடங்கும். கிட்டார் உடம்பில் தட்டி நாலு பார் (தாளச் சுற்று) தாளம். ஐந்தாவது பாரின் முதல் அடியில் கச்சிதமாக இரண்டாவது மிதி. லூப் மூடிச் சுற்ற ஆரம்பிக்கும். அதன்மேல் கார்டு (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்), அதற்கும் மேல் கோரஸ் குரல். இரண்டாவது மிதி கொஞ்சம் பிந்தினால் போச்சு, ஒவ்வொரு சுற்றிலும் தாளம் நொண்டும். மேலே எதை அடுக்கினாலும் சரியாகாது. மானிட்டர், அதாவது பாடுபவர் கேட்க மேடையில் வைக்கும் ஸ்பீக்கர், அதன் சத்தத்தை மைக் பிடித்தால் அதுவும் லூப்பில் ஏறி, அடுக்க அடுக்க இரைச்சலாகும். நம்ம பிள்ளைகள் சவுண்ட் செக்கில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்: மானிட்டரைக் குறைத்து, மைக்கின் முதுகுப்பக்கம் வையுங்கள்.

சுற்றும் லூப்பில் கார்டு வரிசை மாறாது. அதனால் பல்லவி, சரணம் இரண்டுக்கும் ஒரே நாலு கார்டு பொருந்தும் பாட்டாக எடுங்க தம்பி.