பூட்டி வைப்பது பிள்ளைக்காகவா, நமக்காகவா?

மகள் படிக்கும் பள்ளியின் நூலக அலமாரியிலிருந்து ஒரு நாவலை எடுத்துவிடச் சொல்லி எங்கள் பெற்றோர் வாட்சாப் குழுவில் ஒரு மனு சுற்றுகிறது. நான் கையெழுத்துப் போடவில்லை. "ஏன் போடல?" என்று சிலர் தனியாக மெசேஜ் அனுப்பிக் கேட்டுவிட்டார்கள். குழுவில் பதில் எழுதினால் காலை வணக்கப் படங்களுக்கும் ஃபீஸ் கட்டக் கடைசித் தேதிக்கும் நடுவில் காணாமல் போய்விடும். அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மனுவோடு ஒரே ஒரு பக்கத்தின் போட்டோ வந்தது. சிவப்பில் வட்டம் போட்டிருந்தார்கள். கதையில் வரும் பெண் வயசுக்கு வருகிறாள். பின்கட்டில் ஓலைத் தடுப்புக்குள் உட்கார வைக்கிறார்கள். தனித் தட்டு, தனி டம்ளர். "நான் என்ன தப்புப் பண்ணேன்?" என்று பாட்டியிடம் கேட்கிறாள். அடுத்த பத்தியில் டியூஷனில் கூடப் படிக்கும் பையனை நினைத்துக்கொள்கிறாள். அவ்வளவுதான். வட்டம் அந்தப் பையனுக்காக மட்டும் என்று நினைத்தேன். இல்லை, ஓலைத் தடுப்புக்கும் சேர்த்துத்தான் போட்டிருக்கிறார்கள். அனுப்பியவரிடம் "முழுசாப் படிச்சீங்களா மேடம்?" என்று கேட்டேன். "இந்த ஒரு பக்கமே போதாதுங்களா?" என்றார்.

இதே விஷயத்துக்கு நாம் மண்டபம் பிடிக்கிறோம். தாய்மாமன் சீர்வரிசையை வேன் வைத்துக் கொண்டுவருகிறார். பிள்ளையின் படத்தைப் போட்டு, மாலையும் கிரீடமுமாக, தெருமுனையில் பிளெக்ஸ் வைக்கிறோம். பஸ்ஸில் போகிறவரெல்லாம் பார்த்துக்கொண்டு போகிறார்கள். அது கூச்சமில்லை. அந்த வயதுப் பிள்ளை தன் உடம்பைப் பற்றித் தனியாக உட்கார்ந்து ஒரு பக்கம் படித்தால் மட்டும் கூச்சம்.

பெற்றோருக்குத் தடுக்கும் உரிமையே கிடையாது என்று சொல்ல வரவில்லை. நானும் தடுக்கிறேன், எதை என்று பிறகு சொல்கிறேன். என் வழக்கு வேறு. நம் வீடுகளில் 'படிக்கக் கூடாது' என்று எடுத்து வைக்கும் புத்தகங்களைப் பாருங்கள். பிள்ளை பயந்துபோகும் சமாச்சாரம் அதில் அநேகமாக இருக்காது. பிள்ளை கேட்டால் நமக்குப் பதில் சொல்ல வராத சமாச்சாரம்தான் இருக்கும்.

பயமுறுத்துவது வேறு வழியாக, நாமே காசு கொடுத்து, தினமும் காலையில் வீட்டுக்குள் வருகிறது. 'ஓட ஓட விரட்டி சரமாரி வெட்டு', 'கள்ளக்காதலுக்கு இடையூறாக இருந்த குழந்தை'. இதையெல்லாம் எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் நீட்டி, "பேப்பர் படி, ஜி.கே. வளரும்" என்கிறோம். தேர்வு முடிவு வரும் மாதத்தில் இன்னும் மோசம். ஒரு பிள்ளை தன் உயிரை எப்படிப் போக்கிக்கொண்டது என்பதைப் படிப்படியாக எழுதுகிறார்கள். எந்த முறையில் என்று விவரிக்கக் கூடாது, தலைப்பில் பரபரப்பாகப் போடக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிமுறைகளை ஒட்டி இந்தியப் பிரஸ் கவுன்சில் 2019இலேயே விதிமுறை வகுத்தது. வகுத்தது, அதோடு சரி. அந்த ஒரு மாதம் எங்கள் வீட்டில் நாளிதழ் என் கைக்கு வந்த பிறகுதான் மகள் கைக்குப் போகும். இதுவும் கட்டுப்பாடுதான், சந்தேகமே இல்லை. இதற்காக மனு சுற்றி நான் பார்த்ததில்லை.

சினிமாவை எடுத்துக்கொள்ளுங்கள். யு/ஏ சான்றிதழையே 7+, 13+, 16+ என்று 2023இல் சட்டத் திருத்தம் கொண்டுவந்து பிரித்தார்கள். பெரிய நடிகரின் படம் வெளியாகும் அன்று தியேட்டருக்குப் போய்ப் பாருங்கள். 16+ போட்ட படத்துக்கு மடியில் ஐந்து வயதுப் பிள்ளை. திரையில் கத்தி கழுத்துக்குள் போகிறது, பிள்ளை அப்பாவின் சட்டைக்குள் முகத்தைப் புதைக்கிறது, அப்பா விசிலடிக்கிறார். அந்த அப்பா வீட்டுக்குப் போனதும் நாவலைப் பிடுங்கி வைப்பார்.

நம் ஊரில் இந்தக் கூச்சத்தின் உச்சம் எது தெரியுமா? திருக்குறள். 1330 குறளில் 250 காமத்துப்பால். பள்ளிப் பாடத்தில் அது கிடையாது. பாடத்திட்டத்தில் குறளை விரிவாகச் சேர்க்கச் சொல்லி 2016இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டபோதும் அறத்துப்பாலையும் பொருட்பாலையும்தான் சொன்னது. சரி, சின்னப் பிள்ளைகள், வேண்டாம் என்று வைத்துக்கொள்வோம். ஆனால் 'குறள் முற்றோதல்' என்று ஒன்று இருக்கிறதே! 1330ஐயும் மனப்பாடமாக ஒப்பிக்கும் மாணவருக்கு அரசே பரிசுப் பணம் தருகிறது. ஒரு விழாவில் நேரில் பார்த்தேன். நான்காம் வகுப்போ ஐந்தாம் வகுப்போ, பட்டுப் பாவாடை கட்டிய பிள்ளை. கையைக் கட்டிக்கொண்டு, மூச்சு விடாமல், 'புணர்ச்சி மகிழ்தல்' அதிகாரத்தின் பத்துக் குறளையும் கணீரென்று சொன்னது. முன்வரிசையில் தலைமையாசிரியை, ஊர்ப் பெரியவர்கள், அம்மாமார்கள். கைதட்டல் அடங்கவே இல்லை. சொல்லலாம், பொருள் தெரிந்துகொள்ளத்தான் கூடாது. நம் வீட்டுத் தணிக்கை முழுவதும் இந்த ஒரு விதியில்தான் நடக்கிறது என்று எனக்கு அன்றைக்குப் பட்டது. (அந்தப் பிள்ளை பிரமாதமாகச் சொன்னது, அதையும் சொல்லிவிட வேண்டும்.)

எங்கள் காலத்திலும் இதே கதைதான். அம்மா வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்து, காலண்டர் அட்டை வைத்து பைண்டு பண்ணி பீரோவுக்கு மேலே வைத்திருப்பாள். "பெரியவங்க படிக்கிறது, தொடாதே." எனக்கு அனுமதி அம்புலிமாமா மட்டும். அதில் வேதாளம் பிணத்துக்குள் புகுந்துகொண்டு தோளில் தொங்கியது, அது யாருக்கும் உறுத்தவில்லை. பீரோ மேலிருந்ததைப் படிக்காமலா விட்டேன்? மத்தியானம் எல்லோரும் தூங்கும்போது கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டு படித்தேன். அந்தத் தாள்களின் மறுபக்கத்தில் சித்த வைத்தியர் விளம்பரங்கள் இருக்கும். 'வாலிப வயோதிக அன்பர்களே' வகையறா. கதையைப் பூட்டிய அம்மா, விளம்பரத்தோடு சேர்த்துத்தான் தைத்து வைத்திருந்தாள். எனக்கு அந்த விளம்பரமும் புரியவில்லை, கதையில் பெரியவர்கள் ஏன் அழுகிறார்கள் என்பதிலும் பாதி புரியவில்லை. புரியாத இடத்தைத் தாண்டிப் போய்விடுவேன். பிள்ளைகள் பெரும்பாலும் இப்படித்தான் படிக்கிறார்கள். தனக்கு எட்டாததை அவர்கள் கண் தானாகவே தாண்டிப் போகும். எட்டுவது கண்ணில் பட்டால், அது ஏற்கெனவே மனசுக்குள் ஓடிக்கொண்டிருக்கிற கேள்வி என்று அர்த்தம்.

இன்னொன்று உண்டு, அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சாதி. தலித் எழுத்தாளர் ஒருவர் தன் பள்ளி நாட்களைப் பற்றி எழுதிய புத்தகத்தை மகள் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்த உறவுக்காரர் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் இந்த வயசுல எதுக்கும்மா? பிஞ்சு மனசு" என்றார். பிஞ்சு மனசா? நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவனை அவனோடு படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர்கள் கையில் கட்டுவதைத் தடை செய்யச் சொன்னது. கயிற்றின் நிறம் படிக்கத் தெரிந்த பிள்ளைக்குப் புத்தகம் மட்டும் எப்படி வயதுக்கு மீறியதாகும்? உறவுக்காரர் பயந்தது பிஞ்சு மனசுக்காக இல்லை. புத்தகத்தை மூடிவிட்டு அவள் "நாம அப்ப என்ன பண்ணோம்?" என்று கேட்டுவிடுவாளே என்றுதான். கேட்டாள். அவர் காபி குடித்து முடித்துக் கிளம்பிவிட்டார்.

சரி, நான் எதைத் தடுக்கிறேன்?

நாளிதழைச் சொன்னேன். போனுக்கு நேரக் கட்டுப்பாடு உண்டு, அதில் எனக்குக் குழப்பமே இல்லை. ஒரு வீடியோவை இரண்டு நொடி கூடுதலாகப் பார்த்தால் அதே மாதிரி நாற்பதை வரிசையில் கொண்டுவந்து நிறுத்தும் சாதனத்தையும், மூடி வைத்தால் மூடியே கிடக்கும் புத்தகத்தையும் ஒரே தராசில் வைத்துப் பேசுகிறவர்களிடம் எனக்கு வாதம் செய்யத் தெம்பில்லை.

புத்தகத்திலும் ஒன்றை நிறுத்தி வைத்தேன். ஈழப் போரின் கடைசி மாதங்களைப் பற்றியது, நடுவில் வழவழ தாளில் படங்கள். 2009இல் என்ன நடந்தது என்று அவளே கேட்டுத்தான் அந்தப் பேச்சு வந்தது. "எழுத்தைப் படிக்கலாம், படங்களை இப்ப வேண்டாம். அந்தப் பக்கங்களை கிளிப் போட்டுத் தர்றேன். பார்க்கணும்னு தோணுறப்ப சொல்லு, சேர்ந்து பார்ப்போம்" என்றேன். காரணத்தைச் சொன்னேன்: "நானே பாத்துட்டு ரெண்டு நாள் சரியாத் தூங்கல." ஒத்துக்கொண்டாள். நான் படித்திருந்ததால்தான் இதைச் சொல்ல முடிந்தது. எந்தப் பக்கத்தில் எது இருக்கிறது என்று தெரியாமல் தடை போடும் அம்மாவிடம் பிள்ளை என்னத்தைப் பேரம் பேசும்?

மேல் தட்டில் இன்னும் சில புத்தகங்கள் இருக்கின்றன. எவை, ஏன் என்று அவளுக்குத் தெரியும். அதில் ஒன்றிரண்டை எனக்குத் தெரியாமல் எடுத்துப் படித்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். தலைகீழாகச் செருகி வைத்தால் தெரியாமல் எப்படி இருக்கும்?

"இப்படி விட்டா கெட்டுப்போக மாட்டாங்களா?" என்று ஒரு தோழி கேட்டாள். கெட்டுப்போன பிள்ளைகளை நானும் பார்த்திருக்கிறேன். யாரும் நாவல் படித்து அந்த இடத்துக்குப் போகவில்லை. எதிர்ப்பக்கம் ஒன்று சொல்கிறேன். குட் டச், பேட் டச் என்று பள்ளியில் ஆண்டுக்கு ஒரு நாள் வகுப்பு எடுக்கிறார்கள், நல்லது. ஆனால் வீட்டுக்கு வந்துபோகிற, எல்லோரும் மதிக்கிற ஒரு மாமாவைப் பற்றி 'எனக்கு அவரைப் பிடிக்கல' என்று சொல்ல ஒரு பிள்ளைக்கு எத்தனை சொற்கள் வேண்டும்! அப்படி ஒரு மாமாவைக் கதையில் பார்த்திருக்கும் பிள்ளைக்கு வாய் கொஞ்சம் சீக்கிரம் திறக்கும். அந்தக் கதையைத்தான் நாம் முதலில் ஒளித்து வைக்கிறோம்.

மனுவுக்கு வருகிறேன். ஒரு பக்கத்தை உருவிக் காட்டி ஒரு புத்தகத்தைக் குற்றவாளியாக்குவது நமக்குப் புதிதில்லை. பெருமாள்முருகனின் நாவல் 'மாதொருபாகன்' வெளிவந்தது 2010இல். நாலு வருஷம் அது பாட்டுக்குக் கடையில் இருந்தது. 2014 கடைசியில் திருச்செங்கோட்டில் சில பக்கங்கள் மட்டும் நகலெடுத்து ஊருக்குள் கொடுக்கப்பட்டன. எதிர்ப்பு கிளம்பியது, விஷயம் நீதிமன்றம் வரை போனது. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதன் சாரம், படிப்பது வாசகர் விருப்பம், பிடிக்கவில்லை என்றால் தூக்கிப் போடலாம், யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்பது. அது பெரியவர்களுக்கான நாவல், வழக்கும் வேறு. அன்றைக்கு நகலெடுக்கும் கடைக்காவது போக வேண்டியிருந்தது, இப்போது போனே போதும். அது ஒன்றுதான் மாறியிருக்கிறது.

உங்கள் பிள்ளைக்கு இந்தப் புத்தகம் வேண்டாம் என்றால், டைரியில் நாலு வரி எழுதி அனுப்புங்கள். நூலக மிஸ் கொடுக்க மாட்டார். அதில் நான் தலையிட மாட்டேன், அது உங்கள் வீடு. மனு கேட்பது அதை இல்லை, எல்லார் பிள்ளைக்கும் சேர்த்து அலமாரியிலிருந்தே எடுக்கச் சொல்கிறது. அந்த வகுப்பில் வீட்டில் கைடும் காலண்டரும் தவிர வேறு அச்சடித்த தாளே இல்லாத பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு மேல் தட்டு, கீழ் தட்டு, பீரோ மேல் என்று எதுவும் கிடையாது. வாரத்துக்கு ஒரு நூலகப் பீரியட், அவ்வளவுதான். அதையும் பாதி வாரம் 'போர்ஷன் முடியல' என்று கணக்கு டீச்சர் வாங்கிக்கொள்கிறார். அந்தப் பீரியடைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி ஒரு மனு எழுதுங்கள், முதல் கையெழுத்து நான் போடுகிறேன்.