ஹோட்டல் வைத்த நடிகையும் எங்கள் சித்தியின் கைப்பக்குவமும்

"மார்க்கெட் போச்சு போல, ஹோட்டல் ஆரம்பிச்சுட்டாங்க." எந்த நடிகை உணவகம் திறந்தாலும், சேலம் அஞ்சு ரோடு டீக்கடையிலிருந்து எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழு வரைக்கும் இதே பேச்சுதான். நடிகர் திறந்தால் மட்டும் அவர் தொழிலதிபர்.

இத்தனைக்கும் இது சினிமா ஊர். ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைத் தாண்டித்தான் பாதிப் பேர் வேலைக்குப் போகிறோம். டி.ஆர்.சுந்தரத்தின் அந்த ஸ்டுடியோ 1956-ல் எடுத்த வண்ணப் படத்தின் கதாநாயகி பானுமதி நடித்தார், பாடினார், படம் இயக்கினார், கதை எழுதினார், சொந்த ஸ்டுடியோவும் நடத்தினார். எல்லாம் ஒரே பெண். சரி, அது போகட்டும். நான் சொல்ல வந்தது நடிகையும் சமையல் எழுத்தாளருமான மதுர் ஜாஃப்ரியைப் பற்றி.

1933-ல் டெல்லியில் பிறந்தவர். லண்டனில் ராடா நாடகப் பள்ளியில் நடிப்புப் படித்தார். 1965 பெர்லின் திரைப்பட விழாவில் சிறந்த நடிகைக்கான வெள்ளிக் கரடி விருது அவருக்குக் கிடைத்தது. படம் 'ஷேக்ஸ்பியர் வாலா'. சசி கபூர் நாயகன், இசை சத்யஜித் ரே. மதுருக்கு பம்பாய் சினிமா நட்சத்திரம் வேடம். மேடையில் நாடகம் நடந்துகொண்டிருக்கும்போது வந்து உட்கார்ந்து, மொத்தக் கூட்டத்தையும் தன் பக்கம் திரும்ப வைத்துவிடுவார். அந்தத் திமிரை அவ்வளவு அழகாகச் செய்திருப்பார்.

அப்படி ஒரு விருது வாங்கியும் வாய்ப்புகள் வரிசை கட்டவில்லை. அன்றைய நியூயார்க்கில் இந்தியப் பெண்ணுக்கு என்ன வேடம் எழுதியிருப்பார்கள்? கணவர் சயீத் ஜாஃப்ரியுடன் மணமுறிவு, மூன்று பெண் குழந்தைகள், பள்ளிச் செலவு. பத்திரிகைகளுக்கு எழுத ஆரம்பித்தார். இதற்கிடையே 'ஷேக்ஸ்பியர் வாலா'வுக்கு விளம்பரம் தேடிய தயாரிப்பாளர் இஸ்மாயில் மெர்ச்சன்ட், நியூயார்க் டைம்ஸின் உணவு எழுத்தாளர் கிரெய்க் கிளெய்போர்னைப் பிடித்தார். 'சமைக்கத் தெரிந்த நடிகை' என்று 1966-ல் கட்டுரை வந்தது. சினிமாவுக்காகப் போட்ட தூண்டிலில் சமையல் வந்து மாட்டியது. 1973-ல் முதல் சமையல் புத்தகம், 1982-ல் பிபிசி தொடர்.

எனக்கு இதையெல்லாம்விடப் பிடித்தது இதற்கு முந்தைய கதை. டெல்லியில் இருந்தவரை அவருக்குச் சமைக்கத் தெரியாது. பள்ளியில் சமையல் பாடத்தில் ஃபெயில். லண்டன் கேண்டீன் சாப்பாட்டில் நாக்கு செத்துப்போய், எப்படிச் செய்வது என்று அம்மாவுக்குக் கடிதம் போட்டார். அம்மா சமையல் குறிப்புகளை ஏர்மெயிலில் எழுதி அனுப்பினார். அந்தக் காகிதத்தைப் பார்த்துப் பார்த்துச் செய்தே கற்றுக்கொண்டார். பக்கத்தில் நின்று கையைப் பிடித்துச் சொல்லித்தர யாரும் இல்லை.

'சமையல் எழுதி வராது, கைப்பக்குவம்' என்று சொல்கிறவர்களுக்கு இதைவிட வேறென்ன பதில் வேண்டும்? என்னைக் கேட்டால், கைப்பக்குவம் என்பது நாம் பெண்களைப் பாராட்டுகிற மாதிரி அடுப்படியிலேயே நிறுத்திவைக்கிற தந்திரம். "அம்மா கை பட்டாதான் ருசி" என்று சொல்லிவிட்டால் அப்புறம் மகன் கரண்டி பிடிக்க வேண்டியதில்லை, பாருங்கள். அளவு போட்டு எழுதிவிட்டால் அந்தச் சாக்கு போய்விடும்.

எழுதுவதும் லேசான வேலை இல்லை. 'கொஞ்சம்', 'திட்டமா', 'வாசம் வர்ற வரைக்கும்' என்பதையெல்லாம் ஸ்பூனாகவும் நிமிடமாகவும் மாற்ற வேண்டும். உளுந்தையே பார்த்திராத ஒருத்திக்கும் புரிய வேண்டும். இங்கேதான் நடிப்புப் படிப்பு கைகொடுத்தது என்று நினைக்கிறேன். தொலைக்காட்சியில் அவர் பேசுவதைப் பாருங்கள். நிறுத்தம், பார்வை, கைவிரல் எல்லாம் மேடைக்காரியுடையவை. சமையலும் நடிப்பும் அவருக்கு இரண்டு தனி வேலைகளாக இருந்ததாகத் தெரியவில்லை.

மன்ஹாட்டனில் 'தாவத்' உணவகத்துக்கு மெனு வகுத்துத் தந்து ஆலோசகராக இருந்தார். கல்லாவில் உட்கார்ந்தவர் இல்லை. 'அப்போ பேருக்குத்தானே' என்று கேட்பவர்களுக்கு: என்ன பரிமாற வேண்டும் என்று முடிவு செய்கிறவர்தான் அந்தக் கடைக்கு உயிர். நடிப்பையும் விடவில்லை. 2019-ல், 85 வயதில், பின்னாளில் நியூயார்க் மேயராகத் தேர்வான சோஹ்ரான் மம்தானியின் ராப் வீடியோவில் வாய் நிறையத் திட்டும் பாட்டியாக வந்தார். மார்க்கெட் போனவர்!

இப்போது நம் வீட்டுக்கு வருகிறேன். ஆடி ஒன்றாம் தேதி தேங்காய் சுடுவோம். காவிரி ஓரத்து மாவட்டங்கள் தாண்டினால் இது பலருக்குத் தெரியாது. தேங்காய் நாரை உரித்துத் தரையில் தேய்த்து வழவழப்பாக்கி, ஒரு கண்ணைத் துளைத்துத் தண்ணீரை வடித்து, பொட்டுக்கடலை, அவல், எள், பாசிப்பருப்பு, வெல்லம் எல்லாம் உள்ளே போட்டு, வடித்த தண்ணீரில் கொஞ்சம் திரும்ப ஊற்றி, மஞ்சள் பூசிய அழிஞ்சிக் குச்சியை அந்தக் கண்ணில் செருகி நெருப்பில் காட்ட வேண்டும். ஓடு வெடித்ததும் வாசனை தெருமுனை வரைக்கும் போகும். தண்ணீர் கூடினால் உள்ளே கஞ்சி, குறைந்தால் பருப்பு வேகாது. எங்கள் வீட்டில் அந்த 'கொஞ்சம்' எவ்வளவு என்று அம்மாயிக்குத் தெரியும். அம்மாயி போன பிறகு ஆத்தூர் சித்திக்கு மட்டும்தான் தெரியும்.

சித்தியிடம் கேட்டால், "எழுதி வெச்சா வருமா கண்ணு, அது கைக்கு வரணும்" என்கிறார். இந்த ஆடிக்கு அளவு டம்ளரும் சமையல் தராசும் எடுத்துக்கொண்டு ஆத்தூர் போகிறேன். சித்தி அள்ளுகிற ஒவ்வொரு பிடியையும் தராசில் கொட்டச் சொல்வேன். திட்டுவார், திட்டட்டும். எழுதி முடித்ததும் கிராம் கணக்கோடு இங்கேயே போடுகிறேன். முதலில் செய்து பார்க்க வேண்டியது வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் எங்கள் மாமாதான்.